மரநிழலில் ஒரு வைத்தியசாலை: டொக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் வாழ்க்கை

கொஸ்லந்தையில் வளர்ந்த எவருக்கும் தூரம் என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. மேல் கணக்கு லயத்து வாசலில் நின்றால் வெல்லவாய வீதி கண்ணுக்குத் தெரியும். அதில் போகும் பஸ்ஸின் ஹோர்ன் சத்தம் காதுக்குக் கேட்கும். ஆனால் இடுப்பு வலி கண்ட ஒரு பெண்ணை அந்த வீதிவரை இறக்குவதற்கு நாலு ஆண்களும் ஒரு கம்பளியும் வேண்டும். வீதிக்கு வந்த பின்னர் தியத்தலாவைக்கோ பதுளைக்கோ போக வாகனம் வேண்டும். எமது பாட்டிமார் காலத்தில் தோட்டத்து டிஸ்பென்சரியும் மருந்துக்கார ஐயாவும் இருந்தார்கள். அதற்கு மேல் என்றால் கொழுந்து ஏற்றும் லொறிதான். அந்த லொறியிலேயே பிறந்தவர்களும் உண்டு. அந்த லொறியிலேயே போனவர்களும் உண்டு. இதை வாசிக்கும் சகோதரிகள் இன்று கனடாவில் இருந்தாலும் கொழும்பில் இருந்தாலும், அந்த லொறியின் சத்தம் நினைவிலிருந்து போயிருக்காது.

இந்த நூற்றாண்டு மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் வேலூர் டொக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார். அவர் எங்கள் ஊருக்கு வந்தவர் அல்லர். இருந்தும் நோயாளி வைத்தியசாலைக்கு வர முடியாவிட்டால் வைத்தியசாலை எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு, தமிழ் பேசும் கிராமங்களின் நடுவே அரை நூற்றாண்டுக்கு மேலாக விடை தேடியவர் அவர். அந்தக் கேள்வி எங்களுடையதும்தான்.

ஸ்கடர் குடும்பத்தின் கதை தொடங்குவது இலங்கையில். ஐடாவின் பாட்டனார் டொக்டர் ஜோன் ஸ்கடர் நியூயோர்க் நகரில் நல்ல வருமானத்துடன் தொழில் செய்த வைத்தியர். அமெரிக்க மிஷனின் அழைப்பை ஏற்று, 1819-இல் மனைவி ஹரியட்டுடன் கப்பலேறி, 1820-இல் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வந்து இறங்கினார். அமெரிக்காவிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்ட முதல் மருத்துவ மிஷனரி அவர் என்பார்கள். 1824-இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை ஆரம்பித்ததும் அதே மிஷன்தான். 1836-இல் பாட்டனார் சென்னைக்குப் போனார். அவருடைய பிள்ளைகளில் பலர் தென்னிந்தியாவிலேயே மிஷன் பணியில் இருந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவரான இரண்டாம் ஜோன் ஸ்கடரின் மகளாக, 1870 டிசம்பர் 9-ஆம் நாள், ஆர்க்காட்டுப் பகுதியிலுள்ள இராணிப்பேட்டையில் ஐடா பிறந்தார். அண்ணன்மாருக்குப் பின் பிறந்த ஒரே பெண்பிள்ளை.

அவருக்கு ஆறேழு வயதாக இருக்கும்போது 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சம் வந்தது. எங்கள் முன்னோரில் எத்தனையோ பேரைக் கங்காணியின் பின்னால் மன்னார் வழியாக மலைநாட்டுக்கு நடக்க வைத்த பஞ்சங்களில் அதுவும் ஒன்று. பங்களா வாசலில் வந்து சேர்ந்த பிள்ளைகளின் வாயில் ரொட்டித் துண்டைப் பிட்டு வைக்கும் வேலை சிறுமி ஐடாவுக்குக் கொடுக்கப்பட்டது. கையில் கொடுத்தால் தின்னவும் அவர்களுக்குத் தெம்பிருக்கவில்லை. அந்தக் காட்சிகள் பிள்ளை மனதில் இந்தியாவைப் பற்றி ஏற்படுத்தியது அன்பு அன்று, அச்சம். குடும்பம் அமெரிக்காவுக்குத் திரும்பியது. பின்னர் பெற்றோர் மறுபடி இந்தியாவுக்குப் போக, ஐடா உறவினர் வீட்டில் விடப்பட்டார். மசாசுசெட்ஸ் மாநிலத்து நோத்ஃபீல்ட் பெண்கள் பாடசாலையில் படித்தார். விளையாட்டுப் புத்தியும் குறும்பும் நிறைந்த மாணவி. நல்ல இடத்தில் திருமணம் செய்துகொண்டு அமெரிக்காவிலேயே வாழ வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம். மிஷனரியாவதில்லை என்பதில் உறுதியாக இருந்தார்.

1890-இல் தாயாருக்குச் சுகமில்லை என்று செய்தி வந்ததால், கொஞ்ச நாள் துணையாக இருந்துவிட்டு வருவோம் என்று திண்டிவனத்துக்கு வந்தார். அங்கேதான் அந்த இரவு நடந்தது. ஐடா அம்மையாரைப் பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் அந்த இரவைச் சொல்லாமல் விடுவதில்லை. பலமுறை சொல்லிச் சொல்லிப் பழங்கதை போலாகிவிட்டது. இருந்தாலும் ஆறுதலாக யோசித்துப் பார்க்க வேண்டிய இரவு அது.

விளக்கு வெளிச்சத்தில் ஐடா தமது அறையில் இருக்கிறார். வெளியே காலடிச் சத்தம். ஓர் இளம் பிராமணர். அவருடைய மனைவி இன்னும் சிறுபெண். பிரசவம் தடைப்பட்டு உயிர் ஊசலாடுகிறது. ஐடாவை உடனே வரச் சொல்கிறார். தமக்கு வைத்தியம் தெரியாது என்றும் பக்கத்து அறையில் இருக்கும் தமது தந்தையார்தான் வைத்தியர் என்றும் ஐடா சொல்கிறார். தாமும் கூட வருவதாகச் சொல்கிறார். அந்த மனிதர் மறுத்துவிடுகிறார். அந்நிய ஆண் ஒருவர் தம் மனைவியைப் பார்க்கக் கூடாது. அவர் இருளில் திரும்பிப் போகிறார். சற்று நேரத்தில் ஒரு முஸ்லிம் அன்பர் வருகிறார். அதே துயரம், அதே வேண்டுகோள், அதே மறுப்பு. மூன்றாவதாக இன்னோர் இந்துக் குடும்பத்தவர் வருகிறார். அவரும் அப்படியே திரும்பிப் போகிறார். மூன்று வீட்டுக்கும் கூப்பிடு தூரத்தில் ஒரு நல்ல வைத்தியர் விழித்திருந்தார். மருந்து இருந்தது, கருவி இருந்தது. விடியற்காலையில் பறைச் சத்தம் கேட்டது. ஆளனுப்பி விசாரித்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டதாகத் தெரிந்தது.

நான் படித்த எந்த நூலிலும் அந்த மூன்று பெண்களின் பெயரும் இல்லை.

அன்று அவர்களைக் கொன்றது மைல் கணக்கான தூரம் அன்று. கதவுதான். வைத்தியம் வாசல்வரை வந்தும் உள்ளே நுழைய முடியாமல் நின்றது. ஐடா பெற்றோரிடம் தாம் அமெரிக்கா போய் வைத்தியம் படித்துத் திரும்புவதாகச் சொன்னார். அதுவரை வேண்டாம் என்றிருந்த வாழ்க்கையை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

பிலடெல்பியாவில் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நியூயோர்க் கோர்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவு திறந்தவுடன் அங்கு மாறி, 1899-இல் பட்டம் பெற்றார். ஊருக்குக் கிளம்புமுன் வேலூரில் பெண்களுக்கு ஒரு வைத்தியசாலை கட்டப் பணம் திரட்டச் சொன்னார்கள். வீடு வீடாகப் போய்க் கேட்டும் பெரிதாக ஒன்றும் சேரவில்லை. கடைசியில் நியூயோர்க் வங்கியாளர் ரொபர்ட் ஷெல் என்ற முதியவர், காலஞ்சென்ற தம் மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டொலர் முழுத்தொகையையும் தாமே தந்தார். அந்தக் காசோலையோடும் அனி ஹென்கொக் என்ற தோழியோடும் ஐடா 1900 ஜனவரியில் வந்து சேர்ந்தார். தந்தையாரிடம் சில ஆண்டுகள் தொழில் பழகலாம் என்றிருந்தார். அதே ஆண்டு மே மாதத்தில் தந்தையார் காலமானார்.

முப்பது வயதுகூட நிரம்பாத பெண். நம்பி வருவதற்கு ஊருக்குப் பழக்கமில்லை. வேலூர் பங்களாவின் ஒரு சிறு அறையும் ஒரு கட்டிலும்தான் வைத்தியசாலை. தாதி இல்லை, வீட்டுச் சமையற்காரரின் மனைவிதான் கற்றுக்கொண்டு உதவிக்கு நின்றார். தொடக்கத்தில் எவரும் வரவில்லை. பிறகு ஒருவர் வந்தார். அவர் சுகமாகிப் போனதும் பத்துப் பேர் வந்தார்கள். அப்படி இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 5,000 நோயாளர் அந்த அறையில் பார்க்கப்பட்டார்கள். 1902-இல் 40 படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் நினைவு வைத்தியசாலை திறக்கப்பட்டது. பிற்காலத்தில் அது கண் வைத்தியசாலையாக மாறியது. ஷெல் என்ற பெயர் வேலூரில் இன்றும் வழக்கில் இருக்கிறது.

பெண்களுக்கென்று பெண் வைத்தியரை வைத்து வைத்தியசாலை நடத்துவது அப்போதே முற்றிலும் புதிது என்று சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்து இணுவிலில் 1898-இல் பெண்களுக்கான மிஷன் வைத்தியசாலை தொடங்கியிருந்தது. பஞ்சாபிலுள்ள லூதியானாவில் 1894 முதல் பெண்களுக்கு மருத்துவக் கல்வி நடந்தது. சென்னை மருத்துவக் கல்லூரி 1875-இலேயே பெண்களைச் சேர்த்தது. ஐடா அம்மையாரின் தனித்தன்மை அதற்குப் பிறகு அவர் செய்ததில்தான் இருக்கிறது.

கட்டடம் எழும்பிப் படுக்கைகள் நிரம்பிவிட்டால் பொதுவாக வைத்தியர்கள் திருப்தியடைவார்கள். படுக்கை போதாது என்று இன்னொரு வார்டு கட்டக் கேட்பார்கள். ஐடாவும் அப்படிக் கேட்டவர்தான். ஆனால் வராதவர்களைப் பற்றியும் யோசித்தார். வந்து சேர்ந்தவர்களில் பலர் காலம் கடந்தே வந்தார்கள். சாதாரணப் புண் எலும்புவரை போயிருக்கும். கண்ணில் விழுந்த தூசு பார்வையையே அழித்திருக்கும். நாட்டு வைத்தியமும் மந்திரமும் பார்த்து, கடன் வாங்கி, மாட்டு வண்டி பிடித்து, இரண்டு நாள் கூலியை இழந்து வருவதற்குள் நோய் முற்றிவிடும். கூலியை இழப்பது என்றால் என்ன என்று தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். பேர் விழாத நாளுக்குச் சம்பளம் இல்லை. அதனால் காய்ச்சலோடு மலையேறிய அம்மாக்களை நாம் பார்த்திருக்கிறோம்.

வேலூரிலிருந்து மேற்கே குடியாத்தம் என்ற ஊருக்கு 20 மைலுக்கு மேல். அங்கு வாரம் ஒருமுறை போய் நோயாளரைப் பார்க்க ஐடா முடிவு செய்தார். 1906 அளவில் இந்தப் பயணங்கள் தொடங்கின. முதலில் வண்டியில் போய் வந்தார். முழு நாளும் வழியிலேயே கழிந்தது. 1909-இல் ஒரு சிறிய பியூஜோ மோட்டார் கார் கிடைத்தது. மாடும் குதிரையும் இல்லாமல் புகைவிட்டுக்கொண்டு ஓடிவந்த அந்த வண்டியைக் கண்டு, பேய் வருகிறது என்று கிராமத்தவர்கள் வயலுக்குள் ஓடி ஒளிந்தார்களாம். அந்த அச்சம் நெடுநாள் நீடிக்கவில்லை. உள்ளே இருப்பவர் மருந்து தரும் அம்மா என்று தெரிந்ததும், ஓடி ஒளிந்தவர்களே வீதியோரத்தில் காத்திருக்கத் தொடங்கினார்கள்.

இங்கேதான் அவருடைய புத்தி வேலை செய்தது. வழிமறிப்பவர்களைத் தொல்லையாக எண்ணிக் குடியாத்தத்துக்கு விரைந்திருக்கலாம். அவர் அவர்கள் நின்ற இடத்தையே வைத்தியசாலை ஆக்கினார். எந்த இடத்தில் ஆட்கள் கூடுகிறார்களோ அங்கே ஒரு மரநிழலைத் தேர்ந்து அதைத் தரிப்பிடமாக வைத்துக்கொண்டார். அதே வீதி, அதே மரங்கள், வாரத்தில் அதே நாள். கடிகாரமும் நாட்காட்டியும் இல்லாத வீட்டுக்கும் வைத்தியர் எப்போது வருவார் என்பது தெரிந்திருந்தது. கொண்டுவந்த மருந்துப் பெட்டிகள் இறங்கும். ஒருவர் புண் கழுவிக் கட்டுவார், ஒருவர் மருந்து கலந்து கொடுப்பார், வைத்தியர் கண்ணும் காதும் வயிறும் பார்ப்பார், பல் பிடுங்குவார், கட்டியைக் கீறிவிடுவார். அங்கேயே முடியும் வேலை அங்கேயே முடியும். முடியாததென்று கண்டால் திரும்பும் பயணத்தில் நோயாளியைக் காரில் ஏற்றி வேலூருக்குக் கொண்டுபோவார்கள். ஊருக்குள் எவரும் அண்டவிடாத தொழுநோயாளரும் அந்த மரத்தடிக்கு வந்தார்கள்.

சுவரும் கூரையும் இல்லாத இந்த ஏற்பாட்டை வைத்தியசாலை என்று சொல்லலாமா என்று சிலர் கேட்கக்கூடும். கட்டடக் கலைஞர் ஒருவர் வரைந்து கொடுக்கும் திட்டத்தில் என்னென்ன இருக்க வேண்டுமோ, யோசித்துப் பார்த்தால் அவையெல்லாம் இதில் இருக்கின்றன. காத்திருக்க நிழல் இருக்கிறது. வரும் வழி எல்லோருக்கும் தெரிந்தது. பெண் வைத்தியரும் பெண் உதவியாளரும் இருப்பதால் பெண்கள் கூசாமல் வரலாம். ஊரார் பார்க்கும்படி திறந்த வெளியில் நடப்பதால் உள்ளே என்ன செய்வார்களோ என்ற பயம் இல்லை. சின்ன நோய்க்கு ஓரிடம், பெரிய நோய்க்கு வேறிடம், இரண்டையும் இணைக்க ஒரு வாகனம். இந்தக் கடைசி அம்சத்தைத்தான் பல இடங்களில் மறந்துவிடுகிறார்கள். இலங்கை மலைநாட்டில் 1872-ஆம் ஆண்டிலேயே, கோப்பிக் காலத்தில், தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைக்கென்று சட்டம் போட்டார்கள். மாவட்டங்களில் வைத்தியசாலைகளும் வந்தன. ஆனால் லயத்துக்கும் வைத்தியசாலைக்கும் இடையில் இருந்த மலைப்பாதைக்கு எந்தச் சட்டமும் பொறுப்பெடுக்கவில்லை. களுத்துறையில் 1926-இல் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கி, மருத்துவமாது வீடுதேடிப் போகும் முறை நாட்டில் பரவியபோது எத்தனையோ கிராமத்துத் தாய்மார் பிழைத்தார்கள். தோட்டங்களோ நெடுங்காலம் அந்த முறைக்கு வெளியே, கம்பனி நிர்வாகத்தின் கீழேயே இருந்தன. இன்று பிள்ளை மடுவத்தில் கிளினிக் நாள் நடக்கிறது. குறித்த நாளில் மிட்வைஃப் மிஸ் வருகிறார். கர்ப்பிணித் தாய்மார் அட்டையோடு வரிசையில் நிற்கிறார்கள். அந்த வரிசையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் குடியாத்தம் வீதி நினைவுக்கு வரும்.

ஒரு வைத்தியரும் ஒரு காருமாக எத்தனை மரத்தடிக்குப் போக முடியும்? அம்மையார் விரைவிலேயே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். 1909-இல் டீலியா ஹூட்டன் என்ற அமெரிக்கத் தாதியுடன் சேர்ந்து தாதியர் பயிற்சிப் பாடசாலையைத் தொடங்கினார். அந்நாளில் தாதிப் பணியைக் குடும்பப் பெண்கள் செய்யும் வேலையாக எவரும் மதிக்கவில்லை. பிறர் உடம்பைத் தொட வேண்டும், சாதி பார்க்க முடியாது, இரவில் வேலை. முதலில் வந்தவர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்களே. எமது பழைய மாணவியரில் தாதியராகப் போன முதல் தலைமுறையினருக்கு வீட்டில் என்ன எதிர்ப்பு இருந்தது என்பதை அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வேலூரிலும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அடுத்த படி இன்னும் பெரிது. இந்தியப் பெண்களையே வைத்தியர்களாக்குவது. முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது, பணம் இல்லை, ஆசிரியர்கள் இல்லை. சென்னை மாகாணத்தின் மருத்துவத் தலைமை அதிகாரிக்கு இந்த யோசனையில் நம்பிக்கை இருக்கவில்லை. ஆறு விண்ணப்பங்களாவது வந்தால் தொடங்கிப் பார்க்கலாம் என்று அனுமதித்தார். 151 விண்ணப்பங்கள் வந்தன. 1918 ஆகஸ்ட் 12-ஆம் நாள் பெண்களுக்கான மிஷன் மருத்துவப் பாடசாலை திறக்கப்பட்டது. உபகரணங்கள் சொற்பம், பாடம் எடுப்பதில் பெரும்பகுதி அம்மையாரின் தலையிலேயே. பகலில் அறுவைச் சிகிச்சை, மாலையில் வகுப்பு, இரவில் பிரசவம். மாணவிகளையும் வீதியோரத் தரிப்பிடங்களுக்குக் கூட்டிப்போனார். அவர்களுக்கு அது வகுப்பறையாயிற்று. 1922-இல் முதல் தொகுதியினர் அரசாங்கப் பரீட்சைக்குத் தோற்றினார்கள். ஆண்களின் பாடசாலைகளிலிருந்து தோற்றுபவர்களிலேயே ஐந்தில் ஒருவர்தான் தேறுவது வழக்கம் என்று முன்கூட்டியே எச்சரித்திருந்தார்கள். வேலூரிலிருந்து போன 14 பெண்களும் தேறினார்கள். பழைய மாணவியர் சங்கம் வைத்திருக்கும் எந்தப் பாடசாலைக்கும் இப்படி ஒரு பெறுபேற்று நாள் நினைவில் இருக்கும். அந்த நாளில் ஆசிரியையின் முகம் எப்படி இருந்தது என்பதும் நினைவில் இருக்கும்.

அடுத்த பதினைந்து ஆண்டுகள் கட்டுவதிலேயே கழிந்தன. பணம் சேர்ப்பதில் அமெரிக்காவில் லூசி பீபொடி அம்மையார் பெருந்துணையாக இருந்தார். கெர்ட்ரூட் டொட் என்ற தோழி தம் செல்வத்தையும் தம்மையும் வேலூருக்கே கொடுத்து ஐடாவுடன் இருந்துவிட்டார். நகர நடுவில் புதிய வைத்தியசாலை எழுந்தது. நகருக்கு வெளியே பாகாயத்தில் 200 ஏக்கர் நிலத்தில் கல்லூரிக்கு 1928-இல் அடிக்கல் நாட்டினார்கள். வைத்தியசாலையைச் சந்தைக்கும் பஸ் நிலையத்துக்கும் அருகில் வைத்து, படிப்பவர்களை ஊருக்கு வெளியே மலையடிவாரத்தில் வைத்த இந்தப் பிரிப்பு நல்ல யோசனை என்பது என் எண்ணம். நோயாளி பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தே வந்துவிடலாம். நடக்க வேண்டியவர்கள் வைத்தியர்கள்தான்.

பின்னர் வந்தது அம்மையாரின் வாழ்க்கையிலேயே கடினமான சோதனை. 1930-களின் இறுதியில் சென்னை மாகாண அரசு, இனிப் பட்டயப் படிப்பு போதாது, எல்லாக் கல்லூரிகளும் பல்கலைக்கழகப் பட்டத் தரத்துக்கு உயர வேண்டும் என்று அறிவித்தது. வேலூர் கொடுத்துவந்தது எல்.எம்.பி. பட்டயம். உயர வேண்டுமானால் படுக்கைகள் பெருக வேண்டும், ஆய்வுகூடங்கள் வேண்டும், உயர் தகைமை பெற்ற பேராசிரியர்கள் வேண்டும். பத்து இலட்சம் டொலரளவில் பணம் வேண்டும். இல்லையேல் மூட வேண்டும். எழுபது வயதை எட்டிய அம்மையார் உலகப் போரின் நடுவே 1941-இல் அமெரிக்கா போய், ஊர் ஊராகக் கூட்டம் பேசிப் பணம் திரட்டினார்.

பணத்தைவிடப் பெரிய சிக்கல் வேறொன்று. எல்லா மிஷன்களும் சேர்ந்து ஒரே கல்லூரியாக வேலூரை உயர்த்தலாம், ஆனால் ஆண்களையும் சேர்க்க வேண்டும் என்ற யோசனை வந்தது. பெண்கள் பெண்களுக்காகக் கொடுத்த பணத்தில் எழுந்த கல்லூரி அது. அதை ஆண்களுக்குத் திறப்பது நம்பிக்கைத் துரோகம் என்று லூசி பீபொடி உட்படப் பலர் கொதித்தார்கள். ஐடாவுக்கும் இலகுவில் மனம் வரவில்லை. பெண்கள் பாடசாலையில் படித்த எவருக்கும் அந்தத் தயக்கம் விளங்கும். ஆண்கள் உள்ளே வந்தால் தலைமை அவர்கள் கைக்குப் போய்விடும் என்ற பயம் வீண் பயமும் அன்று. ஆனால் மறுத்தால் கல்லூரியே இல்லை. கல்லூரி இல்லையேல் கிராமத்துக்குப் போக வைத்தியரும் இல்லை. கடைசியில் அவர் சம்மதித்தார். அதற்கு விலையாகப் பழைய நட்புகள் சில முறிந்தன. 1942-இல் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது. 1946-இல் தாதியர் பாடசாலை பட்டப்படிப்புத் தரும் கல்லூரியாயிற்று. 1947-இல் முதலாவது ஆண் மாணவர்கள் வந்தார்கள். ஆண்கள் வந்த பின்னரும், வேலூரின் முதல் இந்தியப் பணிப்பாளராக அமர்ந்தவர் ஒரு பெண், டொக்டர் ஹில்டா லாசரஸ். ஐடா அம்மையாருக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும்.

அம்மையாரிடம் குறையே இல்லை என்று சொல்வதற்கில்லை. எல்லாவற்றையும் தாமே முன்னின்று நடத்தும் குணம் அவருக்கு இருந்தது. மிஷனரியாகவே வந்தார், மிஷனரியாகவே வாழ்ந்தார். மரத்தடியில் மருந்தோடு வேதமும் சொல்லப்பட்டது. அதை விரும்பாதவர்களும் இருந்தார்கள். ஆனால் மருந்துக்காக எவரும் மதம் மாற வேண்டியிருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

ஓய்வு பெற்ற பின்னரும் வேலூரின் வளர்ச்சியை அருகிருந்து பார்த்தார். டொக்டர் போல் பிராண்ட் 1946-இல் வந்து, தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தத் தொடங்கினார். சுகமானவர்கள் தொழில் பழகத் தங்குவதற்குக் கல்லூரி வளவில் ஒரு சிறு குடியிருப்பு அமைத்தார்கள். அதை மாடிக் கட்டடமாகக் கட்டாமல் கிராமத்து மண் குடிசைகளாகவே கட்டினார்கள். திரும்பிப் போகப்போவது அப்படிப்பட்ட குடிசைக்குத்தானே. உணர்ச்சியற்ற கையைச் சுடாமல் அடுப்பெரிக்கவும், காலைக் காயப்படுத்தாமல் நடக்கவும் அங்கேயே பழக வேண்டும். அதே ஆண்டுகளில் கண் வைத்தியர்கள் ஊர்ப் பாடசாலைகளில் முகாம் போட்டு, கண்புரை அறுவையை அங்கேயே செய்யத் தொடங்கினார்கள். பாடசாலைக் கட்டடம் சில நாட்களுக்கு வைத்தியசாலையாகும் அந்தக் காட்சி எங்களுக்கும் புதிதன்று. 2014 ஒக்டோபர் 29-ஆம் நாள் மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதையுண்டபோது, உயிர் தப்பியவர்கள் தங்கியதும் காயத்துக்கு மருந்து போட்டுக்கொண்டதும் எங்கள் ஊர்ப் பாடசாலை வகுப்பறைகளில்தான்.

அம்மையார் திருமணம் செய்துகொள்ளவில்லை. டென்னிஸ் ஆடுவதில் பெரும் ஆர்வம். முதுமையிலும் இளையவர்களை எதிர்த்து ஆடினார். பூஞ்செடி வளர்ப்பதில் பிரியம். கோடைக்கானல் மலையில் அவருக்கு ஒரு வீடு இருந்தது. அங்கேதான் இறுதிக் காலத்தைக் கழித்தார். வைத்தியர் ஐடா, இந்தியா என்று மட்டும் முகவரியிட்ட கடிதம் வேலூருக்கே வந்து சேர்ந்தது என்று ஒரு கதை உண்டு. 1960 மே 24-ஆம் நாள், தமது 89-ஆவது வயதில் காலமானார்.

இன்று வேலூர் என்றால் எங்கள் ஆட்கள் நினைப்பது பெரிய வைத்தியசாலையை. இருதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் மலைநாட்டிலிருந்தும் கடன்பட்டுச் சென்னைக்குப் பறந்து, அங்கிருந்து ரயிலேறிப் போகிறார்கள். போய் வந்தவர்கள் அந்த நெரிசலைப் பற்றியும் பற்றுச்சீட்டைப் பற்றியும் சொல்வார்கள். வேலூரிலிருந்து குடியாத்தம் போகும் பக்கத்தில் கே.வி.குப்பம் என்றொரு வட்டாரம் இருக்கிறது. 1977-இல் வேலூர் கல்லூரி அங்கே கிராமியச் சுகாதார சமூகப் பணிகளுக்கென்று ரூசா என்ற தனி நிலையத்தைத் தொடங்கியது. கிராமத்துப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றி, வீடு வீடாக அனுப்பினார்கள். அடுத்தமுறை யாரேனும் வைத்தியத்துக்காக வேலூர் போனால், ஒரு நாள் மிச்சம் கிடைத்தால், குடியாத்தம் பஸ்ஸில் ஏறி அந்தப் பக்கம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். வீதியோரத்து மரங்களையும் பார்த்துக்கொண்டே போங்கள்.